ஹாரன் அடிச்சா போதுமா?

சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் நம்ம ஊர் அண்ணா சிலை பக்கம் அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க. நாலு பக்கமும் வண்டி வரும். வேகத்தைக் குறைக்கிறவர் எத்தனை பேர்? ஹாரன் அடிக்கிறவர் எத்தனை பேர்? "நான் வர்றேன், நீ ஒதுங்கு" என்பதுதான் அந்த ஹாரனுக்கு அர்த்தம்.

போன மாதம் எங்க பெரியப்பா சைக்கிளில் பட்டுப் பாவு எடுத்துக்கொண்டு ஒரு முச்சந்தியைக் கடந்தார். பாதி ரோடு தாண்டியபோது ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே புகுந்தது. பெரியப்பாவுக்கு முழங்காலில் அடி. பாவு சேற்றில் விழுந்தது. வேன்காரர், "ஹாரன் கேக்கலையா?" என்று கத்திவிட்டுப் போய்விட்டார். "கால் ஆறிடும்மா, இழை சிக்கினா சிக்கினதுதான்" என்று பெரியப்பா கண் கலங்கினார்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017-ல் மத்திய அரசு வெளியிட்ட வாகனம் ஓட்டும் விதிமுறைகளின்படி, சந்திப்பு வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ரவுண்டானாவில் ஏற்கனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்குத்தான் முதல் வழி. இங்கிலாந்தில் 1966-லேயே இப்படி விதி போட்டார்கள். அதற்கு முன் எல்லோரும் ஒரே நேரத்தில் புகுந்து, யாரும் நகர முடியாமல் மாட்டிக்கொள்வார்களாம்! முதலில் ஹாரன் அடித்தவருக்கே வழி என்று எந்த விதியும் இல்லை.

வேன்காரரை மட்டும் சொல்லி என்ன பயன்? எங்க அப்பாவும் பைக்கில் அப்படித்தான் போவார். இப்போ நான் பின்னால் உட்கார்ந்து, "அப்பா, ரோடு சேருது, மெதுவா" என்பேன். முதல்ல முறைச்சார். இப்போ குறைக்கிறார்.

நாளைக்கு நீங்களும் சொல்லிப் பாருங்களேன்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி