மீண்டும் அளத்தல்

அசைவன யாவும் கண்ணுக்கு அசைவனவாகத் தோன்றுவதில்லை. புழல் ஏரியின் நீர் ஒரு நாளில் எவ்வளவு குறைந்தது என்பதைக் கரையில் நின்று பார்ப்போர் அறியார்; நாள்தோறும் அளவுகோலைப் பார்த்துக் குறித்து வைப்பவரே அறிவர். ஒருமுறை அளந்தால் ஒரு பொருளின் நிலை விளங்கும். பன்முறை அளந்தால்தான் அதன் போக்கு விளங்கும்.

பனிமலைகளில் பனியாறுகள் உண்டு. கல்லெனக் கிடக்கும் அவையும் மெல்ல மெல்ல நகர்கின்றன. அறிஞர் வானூர்தியில் சென்று அவற்றைப் படம் பிடிப்பர். சில காலம் கழித்து அதே வழியிற் பறந்து மீண்டும் படம் பிடிப்பர். முதற் படத்திற் கண்ட பனிவெடிப்பு இரண்டாம் படத்தில் எத்துணைத் தொலைவு விலகியுள்ளது என்று அளந்தால் பனியாற்றின் வேகம் புலனாகும். அமெரிக்க நாட்டின் நாசா நிறுவனம் 2009 முதல் 2019 வரை கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் வானூர்திகளைப் பலமுறை செலுத்தி, லேசர் ஒளியால் பனிப்பரப்பின் உயரத்தை அளந்தது.

நம் வடசென்னைக் கடற்கரையும் இவ்வாறே இடம் பெயர்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு செல்கின்றன. 1875ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்ற சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் அம்மணலைத் தடுத்தன. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. மீனவர் குடியிருப்பும் வலை உலர்த்தும் மணல்வெளியும் அலைவாய்ப்பட்டன. கரையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. ஆயினும், ஓரிடத்திற் கல்லிட்டால் அரிப்பு அதற்கு வடக்கே செல்வதும் உண்டு.

வானூர்தியினும் உயரத்திலிருந்து இன்று செயற்கைக்கோள்கள் படம் எடுக்கின்றன. 1990 முதல் 2018 வரை எடுத்த படங்களைச் சென்னையிலுள்ள தேசியக் கடற்கரை ஆராய்ச்சி மையம் ஒப்புநோக்கியது. இந்திய நிலப்பரப்பின் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்படுவதைக் கண்டது.

“அளந்தால் கடல் நின்றுவிடுமோ? அப்பொருளுக்குக் கல் வாங்கலாமே!” என்பார் சிலர். கடல் நில்லாது, உண்மையே. ஆனால், நோயின் போக்கை அறியாமல் மருந்திடும் மருத்துவன் உண்டோ? இராயபுரத்தைக் காக்கும் கல் எண்ணூருக்குத் தீங்காகுமா என்பதை அளவையன்றி வேறெது உரைக்கும்? ஆதலின், கல்லிடுமுன்னும் இட்ட பின்னும் கரை முழுவதையும் அளத்தல் வேண்டும். அவ்வளவைத் தமிழில் எழுதிக் கரையோர ஊர்தோறும் வைத்தல் வேண்டும். தம் மண் எவ்வளவு தேய்ந்தது என்பதை முதலில் அறியும் உரிமை அம்மண்ணில் வாழ்வோர்க்கே உரியது அன்றோ?