பழைய இரும்புக் கடைக்கும் வேண்டும் சென்சார்!

சென்சார் நெட்வொர்க், மெஷின் லேர்னிங் என்றதும் ஏதோ விஞ்ஞானிகள் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இது பழைய இரும்புக் கடை சமாச்சாரம்!

2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்பு மார்க்கெட்டில் சிலர் நோய்வாய்ப்பட்டனர். காரணம், கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள். டெல்லி பல்கலைக்கழகத்தில் பல வருடங்கள் சும்மா கிடந்த கருவி ஒன்று ஏலத்தில் போய், இந்த மார்க்கெட்டில் உடைக்கப்பட்டது. ஒருவர் இறந்தே போனார். அங்கே ஆபத்தை முதலில் காட்டிய டிடெக்டர் எது தெரியுமா? தொழிலாளர்களின் உடம்புதான்!

இதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்குமா? கண்டுபிடிக்கும். வைஃபை மோடத்தை விட்டு விலகினால் சிக்னல் குறைகிறது அல்லவா? கதிர்வீச்சும் அப்படித்தான். இடையில் தடுப்பு இல்லாவிட்டால், தூரம் இரண்டு மடங்கானால் அளவு கால் பங்காகி விடும். பல இடங்களில் டிடெக்டர்களை வைத்து நெட்வொர்க்கில் இணைத்தால், அவை காட்டும் எண்களை ஒப்பிட்டு, பொருள் இருக்கும் இடத்தை சாப்ட்வேர் கணக்கிட்டு விடும்.

சிக்கலும் உண்டு. இயற்கைக் கதிர்வீச்சு எங்கும் இருக்கிறது. கிரானைட் கல் அருகே கூடும். மழை பெய்தாலும் சற்று ஏறும். கதிரியக்க மருந்து செலுத்தி ஸ்கேன் எடுத்துக் கொண்டவர் கடந்து போனாலும் அலாரம் அடிக்கலாம். எது வழக்கமானது, எது ஆபத்தானது என்று பழைய அளவுகளைப் பார்த்துக் கற்றுக் கொள்வதுதான் மெஷின் லேர்னிங். உங்கள் மெயிலில் ஸ்பேமைப் பிரிக்கிறதே, அதே வித்தைதான்!

அமெரிக்காவின் தார்பா அமைப்பு 2016ல் வாஷிங்டன் நகரில் சுமார் 1000 டிடெக்டர்களை நெட்வொர்க்கில் இணைத்துச் சோதித்துப் பார்த்தது. நாமும் நகரம் முழுக்க வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பணம் ஏது என்பார்கள். நியாயம்தான்.

சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் நான். ஆனாலும் சொல்கிறேன், டிடெக்டர் இல்லாத இடத்தில் எவ்வளவு புத்திசாலியான ப்ரோகிராமும் குருடுதான். இரும்புக் குவியலுக்கு அடியில் போய் விட்டால் கதிர்வீச்சு மறைக்கப்பட்டு விடும். எனவே லாரி நுழையும் கேட்டிலேயே பிடிக்க வேண்டும். மார்க்கெட்டுக்கு நான்கு கேட் என்றால், முதலில் நான்கு டிடெக்டர்கள் போதும். அலாரம் அடித்ததும் ஓடி வர, பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும்.

துறைமுகங்களிலும் பெரிய உருக்காலைகளிலும் இப்படிப்பட்ட டிடெக்டர்கள் வைப்பது உலகில் புதிதல்ல. ஆனால் சுத்தியலும் கையுமாக முதலில் உடைப்பவர் சிறிய கடைத் தொழிலாளி. பாதுகாப்பு அவரிடமிருந்து தொடங்கட்டும்!