வார்த்தை போனால் பாட்டு போச்சா?

விடுதியில் ஒரு ராத்திரி, பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு நகைச்சுவை ஓபராப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாடகர் கிடையாது, புல்லாங்குழலும் ஹார்ப்பும் மட்டும். எலக்ட்ரிக்கல் படிக்கும் அறை நண்பன், "வார்த்தையே இல்லாத பாட்டு எதுக்குடா? அரைச் சரக்கு!" என்றான். எனக்குச் சுருக்கென்றது. நம்மையும் 'அரை இன்ஜினியர்' என்பவர்கள் இருக்கிறார்களே!

இந்த ஓபரா பிறந்த இடம் பாரிஸ் சந்தைக் கொட்டகை. மேடையில் பாடும் உரிமை அரசு ஓபராவுக்கு; வசனம் பேசும் உரிமை இன்னொரு அரசு நாடகக் குழுவுக்கு. சந்தை நடிகர்கள் என்ன செய்வார்கள்? 1710-களில் பாட்டை அட்டையில் எழுதிக் காட்டினார்கள். வாத்தியக்காரர்கள் ஊரறிந்த மெட்டை வாசிக்க, கூட்டமே பாடிவிட்டது! நடிகர் வாயே திறக்கவில்லை, யாரைப் பிடிப்பது? ஆக, மெட்டுதான் முதலில் ஊருக்குத் தெரியும். வார்த்தை அன்றன்றைக்கு மாறியது.

1784-ல் கிரெத்ரி எழுதிய ஓபராவில் ரிச்சர்ட் மன்னன் கோட்டைச் சிறையில் கிடக்கிறான். குருடன் வேஷத்தில் வந்த பாணன் பிளோண்டெல், மன்னனே இயற்றிய மெட்டை வெளியே வயலினில் வாசிக்கிறான். உள்ளே மன்னனுக்குப் புரிந்துவிடுகிறது. அங்கே வார்த்தை எதுக்கு? அதே ஓபராவின் இன்னொரு பாட்டு 1789 அக்டோபர் 1 அன்று வெர்சாய் விருந்தில் ஒலித்தது, ராஜ விசுவாசத்தின் அடையாளமாக. நாலே நாளில் பாரிஸ் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய்க்கு நடந்தார்கள்.

மாற்றி அமைப்பது சுலபமும் இல்லை. குழல் பாடகியின் இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் முழு வாத்தியக் குழுவின் பாரத்தையும் ஹார்ப் ஒன்றே சுமக்கணும். அக்கால ஹார்ப்பில் ஏழு சுரத்துக்கு ஏழு மிதிகள். மிதித்தால் தூணுக்குள் ஓடும் கம்பி மேலே கொக்கியை இழுக்கும். அந்தச் சுரத்தின் தந்திகள் எல்லாம் அரைச் சுரம் ஏறும். (மெக்கானிக்கல்காரர்களே, நல்ல லிங்கேஜ் வேலை!) மிதிக்கு ஒரு படிதான் என்பதால் எல்லா சுருதியிலும் வாசிக்க முடியாது. அதைக் கணக்குப் பண்ணித்தான் எழுதணும்.

நண்பன் சொன்னதில் நியாயமே இல்லையா? இருக்கு. மொன்சின்யியின் 1769 ஓபராவில் ஒரு குடிகாரச் சிப்பாய் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் காட்சி வரும். அந்தச் சிரிப்பைக் குழலில் எப்படி ஊதுவது? ஹார்ப்பும் மரீ அந்துவானெத் ராணி வாசித்த வாத்தியம். சந்தைக் கூட்டத்தின் கையில் இருந்ததில்லை. வரவேற்பறைக்குப் போன பாட்டில் கொட்டகைக் கிண்டல் கொஞ்சம் கரைந்துதான் போயிருக்கும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'அரைச் சரக்கு' என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மறுநாள் காலை, குளியலறையிலிருந்து விசில் சத்தம். அறை நண்பன்தான். பிளோண்டெலின் மெட்டு, ஒரு சுரம் பிசகாமல்!