நாம் இங்கு விருந்தினரா?



“நாங்கள் வந்து தங்கியிருக்கிற ஆக்கள், சுவாமி. எங்கட ஊர் அங்கதானே!” ஜேர்மனியில் முப்பது, நாற்பது ஆண்டுகளாக வாழ்வோரிடமிருந்து இன்றும் இச்சொல்லைக் கேட்கிறேன். பங்குச் சபைத் தேர்தலில் வாக்களிக்க அழைத்தாலும், ஆலய வளவைத் துப்புரவாக்க அழைத்தாலும் இதுவே மறுமொழி. பலர் இதனைத் தாழ்ச்சி என்று எண்ணுகிறார்கள். உண்மையில் இது கடமையைத் தட்டிக்கழிக்கும் வழி.

இதற்கு மறைநூலையும் துணைக்கு அழைக்கிறார்கள். இவ்வுலகில் நமக்கு நிலைத்த நகரம் இல்லை என எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் போதிக்கிறதே என்கிறார்கள். ஆம், போதிக்கிறது. ஆனால் அப்போதனை டோர்ட்முண்டுக்குப் பொருந்துமெனில் ஊர்காவற்றுறைக்கும் பொருந்தும்.

பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டோருக்கு எரேமியா எழுதிய மடலை, அவர் நூலின் 29-ஆம் அதிகாரத்தில், வாசியுங்கள். வீடு கட்டவும், தோட்டம் வைக்கவும், பிள்ளைகளுக்கு மணம் முடிக்கவும், தாங்கள் வாழும் அந்நகரின் நலனுக்காக மன்றாடவும் அவர்களைப் பணித்தார். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சீராகிவிடும் என்று ஆறுதல் கூறிய அனனியாவைப் பொய்யன் என்றார். அவர் எருசலேமை மறக்கச் சொல்லவில்லை. காத்திருக்கும் காலத்தை வீணாக்காதீர்கள் என்றே சொன்னார்.

மடு அன்னையின் திருத்தலத்தைத் தாயகத்தின் அடையாளமாகப் போற்றுகிறோம். அது எவ்வாறு உண்டாயிற்று? ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670-ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்து அன்னையின் திருவுருவத்தைச் சுமந்து காட்டுக்குள் புகுந்த குடும்பங்களே அதற்கு வித்திட்டன. அவர்களும் அகதிகளே. “எங்கள் ஊர் மாந்தை, இக்காடு எமக்கெதற்கு?” என்று அவர்கள் கைகட்டி இருந்திருப்பின் இன்று மடுத் திருத்தலம் ஏது? புனித யோசேவ்வாஸ் 1687-இல் கோவாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தார். தமிழும் சிங்களமும் கற்றார். 1711-இல் கண்டியில் உயிர்நீத்தார். அவரை அந்நியர் என்று நம்மில் எவர் சொல்வார்?

ஆண்டுகள் கழிவதால் மட்டும் ஓர் இடம் நமதாகிவிடாது. அயலாரின் பெயரை அறிந்து, அவர்கள் நோயுற்றபோது சந்தித்து, அவர்களோடு சேர்ந்து நம் இறந்தோரை அடக்கம் செய்யும்போதே அது நமதாகிறது. ஓகஸ்ட் மாதத்தில் கெவெலாரில் ஆயிரக்கணக்கில் கூடுகிறோம், மகிழ்ச்சி. ஆனால் அன்று மாலை பேருந்து ஏறியபின் மறு ஆண்டு வரை நாம் எந்தப் பங்கின் மக்கள்?

தமிழ் அழிந்துவிடும் என்று அஞ்சுகிறீர்கள். இந்நாடு நமதன்று என்று வீட்டில் கேட்டு வளரும் பிள்ளைக்கு, தான் பார்த்தறியாத ஊரும் சொந்தமாவதில்லை. எங்கும் சொந்தமில்லாத பிள்ளை தமிழையும் விடுகிறது, திருப்பலியையும் விடுகிறது. இதை நான் கண்டுகொண்டிருக்கிறேன்.

இந்நாட்டில் கல்லறை நிலமும் நிரந்தரமன்று. பெரும்பாலும் 20 முதல் 30 ஆண்டுகளுக்கே தரப்படுகிறது. புதுப்பிக்கக்கூடியதைப் புதுப்பிக்காவிடில் கல்லும் அகற்றப்படும். நம்மில் முதலில் மறைந்தவர்களுக்கு அத்தவணை முடிந்துவருகிறது. ஊர்க் கோவிலின் முகப்புக்கு யூரோக்களை அனுப்புவது நற்செயலே. ஆனால் அதே கை, இங்கு துயிலும் தந்தையின் கல்லறைக்கு ஏன் தயங்குகிறது?

நவம்பர் 2-ஆம் நாள் இறந்த விசுவாசிகளை நினைவுகூருகிறோம். பிள்ளைகளோடு கல்லறைக்கு வாருங்கள். நம்மவரின் கல்லறையில் ஒரு திரி ஏற்றுங்கள். அருகில் எவரும் வராத ஜேர்மானியரின் கல்லறையிலும் ஒன்று ஏற்றுங்கள். பின்னர் பங்குச் சபைக்கு உங்கள் பெயரைத் தாருங்கள்.

இறை ஆசீர் உங்களோடு இருப்பதாக.