சாலை ஆராய்ச்சி எவ்வழிச் செல்லவேண்டும்?

ஒரு நாட்டின் முன்னேற்றத்தை அளக்க இன்று பலரும் எடுத்துக்கொள்ளும் முதல் அளவுகோல் சாலை. எவ்வளவு தூரம் போட்டோம், எவ்வளவு அகலமாக்கினோம், நாளொன்றுக்கு எத்தனை கிலோ மீட்டர் முடிக்கிறோம் என்று மந்திரிகள் பேசுகிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன. 2014 ஆம் ஆண்டில் சுமார் 91,000 கிலோ மீட்டராக இருந்த தேசிய நெடுஞ்சாலைகள் 2024 ஆம் ஆண்டின் இறுதியில் சுமார் 1,46,000 கிலோ மீட்டராக நீண்டிருந்தன. இது சிறிய சாதனை அன்று. அதைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. ஆனால் போட்ட சாலை மக்களுக்கு என்ன செய்தது என்று கேட்பவர் யார்? கேட்டு, ஆராய்ந்து, விடையை ஊரறியச் சொல்வதற்கு ஒரு குழு வேண்டாமா?

குழு புதிதாக வேண்டியதில்லை, முன்பே இருக்கிறது. ஜயகர் கமிட்டியின் சிபாரிசைத் தொடர்ந்து 1934 டிசம்பரில் ‘இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்’ என்னும் அமைப்பு தோன்றியது. நம் நாட்டுச் சாலை என்ஜினீயர்களின் பொதுச் சபை அது. சாலையின் அகலம் முதல் பாலத்தின் பாரம் வரை அனைத்துக்கும் விதி வகுப்பது அச்சபையே. அதன் கீழ் 1973 ஆம் ஆண்டில் நெடுஞ்சாலை ஆராய்ச்சிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. நாட்டில் நடக்கும் சாலை ஆராய்ச்சியை ஊக்குவிப்பதும், இனி எவற்றை ஆராயவேண்டும் என்று சுட்டிக்காட்டுவதும் அதன் வேலை. அக்குழு ஐம்பது ஆண்டைக் கடந்துவிட்டது. இனி அது எந்தத் திசையில் செல்லவேண்டும் என்பதைப்பற்றியே இங்கே சிறிது எண்ணிப் பார்ப்போம்.

இதுவரை நம் சாலை ஆராய்ச்சி பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்திருக்கிறது: சாலையை எப்படிப் போடுவது? கரிசல் மண்ணில் போட்ட சாலை மழையில் உப்பி வெயிலில் வெடிக்காமல் இருக்க என்ன செய்யவேண்டும்? தாரில் எதைக் கலந்தால் நீடித்து உழைக்கும்? எத்தனை அங்குலக் கனம் எத்தனை டன் பாரத்தைத் தாங்கும்? இவை தேவையான கேள்விகள். 1952 முதல் டில்லியில் இயங்கும் மத்தியச் சாலை ஆராய்ச்சி நிலையமும் நம் என்ஜினீயரிங் கல்லூரிகளும் இவற்றில் அரிய பணி ஆற்றியிருக்கின்றன. 1951 இல் நாட்டில் இருந்த சாலை சுமார் 4 லட்சம் கிலோ மீட்டர். இன்று 60 லட்சத்துக்கு மேல். இந்த வளர்ச்சிக்கு அவ்வாராய்ச்சி அடித்தளமாக நின்றது என்பதில் ஐயமில்லை.

எனினும், ‘எப்படிப் போடுவது’ என்ற கேள்விக்கு அப்பால் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. யாருக்காகப் போடுகிறோம்? போட்டபின் என்ன நேர்ந்தது? இந்த இரண்டையும் தன் தலையாய ஆராய்ச்சியாக ஏற்பதே குழுவின் வருங்கால வழி என்பது என் கருத்து.

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். சாலையில் செல்லும் போக்குவரத்தை அளக்க என்ஜினீயர்கள் ‘பாசஞ்சர் கார் யூனிட்’ என்ற ஓர் அலகை வைத்திருக்கிறார்கள். ஒரு கார் சாலையில் அடைக்கும் இடத்தை 1 என்று கொண்டு மற்ற வண்டிகளை அதனோடு ஒப்பிடுவது வழக்கம். நாட்டுப்புறச் சாலைகளுக்கென 1990 ஆம் ஆண்டில் ரோட்ஸ் காங்கிரஸ் வெளியிட்ட வழிகாட்டியில் சைக்கிளுக்கு அரை, பஸ்ஸுக்கு 3, சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு 2, குதிரை வண்டிக்கு 4, மாட்டு வண்டிக்கு 8 என்று மதிப்பிட்டிருந்தார்கள். சாலையில் எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிட இது பயன்படும். ஆனால் இதே கணக்கை வைத்துக்கொண்டு எது நல்ல சாலை என்று தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும்? அறுபது பேரைச் சுமந்து செல்லும் பஸ் மூன்று கார்களுக்குச் சமம். அந்த மூன்று கார்களிலும் சேர்த்து ஐந்தாறு பேர் இருக்கலாம். மாட்டு வண்டியோ எட்டுக் கார்களின் இடையூறு! நடந்து செல்பவனுக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. இடமில்லாதவனைப்பற்றி ஆராய்ச்சி எப்படி எழும்?

இது வெறும் ஏட்டுத் தர்க்கம் அன்று. 2022 ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்தில் மாண்டவர் 1,68,491 பேர் என்று மத்திய அரசாங்கமே கணக்குக் கொடுத்தது. அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். ஏறக்குறைய 75,000 பேர் இருசக்கர மோட்டார் வண்டிகளில் சென்றவர்கள். இவ்விரு வகையினருமே மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறார்கள். மொத்த சாலை நீளத்தில் சுமார் நூற்றில் இரண்டு பங்கே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் 61,038 உயிர்கள் பறிபோயின. அகலமும் வேகமும் வளர வளர, சாலையைக் குறுக்கே கடக்கவேண்டிய கிராமத்துப் பெண்ணின் நிலை என்ன ஆயிற்று என்பது தார்க் கலவையைக் காட்டிலும் அவசரமான ஆராய்ச்சி அன்றோ?

எதை எண்ணுகிறோம் என்பது எப்படி முடிவையே மாற்றிவிடும் என்பதற்கு டில்லியிலேயே சான்று உண்டு. 2008 ஆம் ஆண்டில் அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்துக்கும் இடையே 5.8 கிலோ மீட்டர் தூரத்துக்குச் சாலையின் நடுவே பஸ்களுக்கென்று தனித் தடம் வகுத்தார்கள். கார் வைத்திருப்போர் பெரிதும் சினந்தனர். வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. நீதிமன்றத்தின் கட்டளைப்படி 2012 இல் மத்தியச் சாலை ஆராய்ச்சி நிலையம் அத்தடத்தை ஆராய்ந்தது. தனித் தடம் இல்லாதிருப்பதே நன்று என்னும் பக்கம் அதன் அறிக்கை சாய்ந்தது. மாற்றுக் கருத்தினரோ, வண்டிகளின் தாமதத்தை எண்ணினீர்கள், மனிதர்களின் தாமதத்தை எண்ணினீர்களா என்று கேட்டனர். பிற வண்டிகளைப் பஸ் தடத்தில் விடவேண்டும் என்ற மனுவை 2012 அக்டோபரில் டில்லி உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆயினும் 2016 இல் அரசாங்கமே அத்தடத்தைப் பெயர்த்தெறிந்தது. அத்தடத்தில் குறைகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. நடுச்சாலையிலிருந்த நிறுத்தத்துக்குப் போகப் பயணிகள் ஓடும் வண்டிகளைக் கடக்கவேண்டியிருந்தது. தடம் நகர் நடுவரை நீளாமல் பாதியில் நின்றது. ஆனால் போடும் முன்பே ‘இதன் வெற்றி தோல்வியை இன்ன அளவால் அளப்போம்’ என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் ஒன்று இருந்திருந்தால், சண்டை சண்டையாகவே முடிந்திராது. அடுத்த நகரம் கற்றுக்கொள்ளப் பாடம் ஒன்று மிஞ்சியிருக்கும். அத்தகைய அளவுகோலை ஆக்கித் தருவது யார் வேலை? ஆராய்ச்சிக் குழுவின் வேலையே.

இனி இரண்டாம் கேள்வி. ரூபாய் 150 கோடிக்கு மேற்பட்ட மத்திய அரசாங்கத் திட்டங்கள் எத்தனை மாதம் தாமதமாயின, செலவு எத்தனை கோடி ஏறிற்று என்பதைப் புள்ளியியல் மந்திராலயம் கண்காணித்து வெளியிடுகிறது. நல்ல காரியம். ஆனால் வேலை முடிந்ததும் பேரேடு மூடப்படுகிறது. இத்தனை வண்டிகள் வரும், இவ்வளவு நேரம் மிச்சமாகும், இந்த வட்டாரம் இப்படிச் செழிக்கும் என்று திட்ட அறிக்கையில் எழுதினார்களே, அவை பலித்தனவா என்று ஐந்தாண்டு கழித்துத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் பரவலாக வேரூன்றவில்லை.

திரும்பிப் பார்த்தால் வியப்பான உண்மைகள் வெளிப்படும். 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தைச் சாம் ஆஷர், பால் நொவோசாத் என்ற இரு பொருளியலார் ஆராய்ந்து 2020 இல் முடிவை வெளியிட்டார்கள். சாலை வந்த கிராமங்களில் விவசாயத்தைவிட்டு வெளிவேலைக்குச் செல்வோர் பெருகினர். ஆனால் விளைச்சலிலோ வருவாயிலோ சொத்திலோ பெரிய மாறுதல் தென்படவில்லை என்று கண்டார்கள். அவர்களும் அஞ்சலி ஆடுகியா என்பவரும் சேர்ந்து செய்த மற்றோர் ஆராய்ச்சி, சாலை வந்தபின் நடுநிலைப் பள்ளியில் பிள்ளைகள் சேர்வது கூடிற்று என்று காட்டியது. சாலை வந்தால் ஊர் செழிக்கும் என்று மேடையில் சொல்கிறோம். செழிப்புக்குச் சாலை மட்டும் போதாது, பள்ளிக்கு அது துணை செய்கிறது என்று ஆராய்ச்சி சொல்கிறது. எத்துணைப் பயனுள்ள அறிவு! இதைப் பல்கலைக்கழகத்துத் தனி ஆராய்ச்சியாளர் தம் ஆர்வத்தால் செய்தார்கள். சாலைக்கென்றே இருக்கும் குழு இதைத் தன் அன்றாடக் கடமையாகக் கொண்டால் இன்னும் எவ்வளவு தெரியவரும்?

பிரான்சில் 1982 ஆம் ஆண்டுச் சட்டம், பெரிய போக்குவரத்து வேலை திறக்கப்பட்டு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் அதன் விளைவை ஆராய்ந்து பொதுமக்களுக்கு வெளியிடவேண்டும் என்று விதித்தது. அயல்நாட்டை மட்டும் ஏன் பார்க்கவேண்டும்? 1952 அக்டோபரில் நாம் சமுதாய வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோதே, அதை மதிப்பிடுவதற்கென்று திட்டக் கமிஷனின்கீழ் தனி அமைப்பு ஒன்றையும் தொடங்கினோம். வறிய நாடாயிருந்த அந்நாளிலேயே நம் முன்னோர்க்கு அந்தத் துணிவு இருந்தது. 1943 இல் நாகபுரியில் கூடிய தலைமை என்ஜினீயர்களும், விவசாயம் செழித்த பகுதியில் எந்தக் கிராமமும் பெருஞ்சாலையிலிருந்து ஐந்து மைலுக்கு மேல் தள்ளியிருக்கலாகாது என்றே இலக்கு வைத்தார்கள். அது காரின் வேகத்தை வைத்து எழுந்த அளவு அன்று. கிராமத்தானின் காலை வைத்து எழுந்த அளவு. அந்த மரபை மீட்டாலே போதும்.

‘நாடு முழுதும் சாலை போட்டு முடியட்டும், ஆராய்ச்சி பிறகு’ என்பார் உண்டு. முடிவதற்குள் ஆராய்ந்தால்தானே அடுத்த சாலை திருந்தும்? ‘இதெல்லாம் பொருளியலார் வேலை, என்ஜினீயர் வேலை அன்று’ என்பாரும் உண்டு. உண்மையே. ஆதலினால்தான் குழுவில் பொருளியலாரும் மருத்துவரும் சமூகவியலாரும் அமரவேண்டும் என்கிறேன். பல கல்விக்கூடங்கள் கூடி உழைக்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டதே. சாலைகளின் கொள்திறன்பற்றி 2017 ஆம் ஆண்டுக் கையேட்டை மத்தியச் சாலை ஆராய்ச்சி நிலையம் ஆக்கியபோது, ரூர்க்கி, பம்பாய், கௌஹாத்தி ஐ.ஐ.டி.க்களோடு நம் அண்ணா பல்கலைக்கழகமும் பங்குகொண்டது. பாதசாரிகளுக்கென்று அக்கையேட்டில் தனி அத்தியாயமே உண்டு. வழி திறந்துவிட்டது, அதில் துணிந்து நடப்பதே பாக்கி.

ஆகவே குழுவுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் மூன்று. வண்டியை எண்ணுமிடத்தில் மனிதனையும் எண்ணுக. திறந்த ஒவ்வொரு பெரிய சாலைக்கும் ஐந்தாண்டு கழித்து ஓர் அறிக்கை தருக. அவ்வறிக்கையையும் அதன் புள்ளிகளையும் எந்த மாணவனும் எடுத்துப் படிக்கும்படி வெளியிடுக.

மூன்றாவது வேண்டுகோள் நமக்கும் ஒரு கடமையைச் சுமத்துகிறது. நம்முள் என்ஜினீயரிங் பயில்வோர் உண்டு. பொருளாதாரமும் சட்டமும் புள்ளியியலும் பயில்வோர் உண்டு. பட்டத்துக்கென்று ஆண்டுதோறும் எத்தனையோ ஆய்வேடுகள் எழுதுகிறோம். எழுதியபின் அவை அலமாரியில் உறங்குகின்றன. அவற்றுள் பத்தில் ஒன்றேனும், நாம் பயிலும் ஊரிலோ பிறந்த ஊரிலோ புதிதாய் வந்த ஒரு சாலையை எடுத்துக்கொண்டு, அது யாருக்கு உதவிற்று, யாரைத் தடுத்தது என்று ஆராயட்டும். குழு நம்மை அழைக்கும் நாள்வரை காத்திருக்கவேண்டியதில்லை. நாம் எழுதிக் கையில் கொண்டு சென்றால் அழைக்காமலிருக்க அதனால் இயலாது.