தண்டப் பணமும் காவலர் கருவியும்

நம் பெருநகரங்களில் போக்குவரத்துக் காவலரின் கையிலிருந்த சலான் புத்தகமும் கார்பன் தாளும் மறைந்து வருகின்றன. அவற்றின் இடத்தில் உள்ளங்கை அளவான மின்னணுக் கருவி வந்துவிட்டது. வண்டியின் எண்ணை அதில் இட்டால் போதும். உரிமையாளர் யார், காப்பீடு உண்டா, பழைய குற்றங்கள் எவை என்பன நொடியில் தெரிந்துவிடும். இதுவே இ-சலான் முறை.

இம்முறை வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பதே நம் விடை. தாளில் எழுதியதைக் கிழித்து எறியலாம்; “பார்த்துச் செய்யுங்கள்” என்று கையில் எதையேனும் திணிக்கலாம். படத்தோடும் நேரத்தோடும் இடத்தோடும் கருவியில் ஏறிய பதிவை மறைப்பது அவ்வளவு எளிதன்று. எளியவனுக்கு ஒரு நீதி, செல்வாக்குள்ளவனுக்கு ஒரு நீதி என்னும் இழிநிலை சிறிதேனும் குறையும்.

ஆயினும் தோழர்களே, நாம் கேட்க மறந்த வினா ஒன்று உண்டு. இக்கருவிக்குப் பணம் எங்கிருந்து வரவேண்டும்?

“குற்றம் செய்தவன் கட்டும் தண்டத்திலிருந்தே வரட்டும், ஒழுங்காகச் செல்பவன் ஏன் சுமக்கவேண்டும்?” என்பர் சிலர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் இவ்வழியில்தான் சென்றது. குற்றம் உறுதியான ஒவ்வொரு சலானுக்கும் 5 டாலர் கூடுதலாக வாங்கலாம், அதில் 4 டாலர் காவல்துறையின் மின்னணுக் கருவிகளுக்குச் சேரும் என 2014ஆம் ஆண்டில் அங்கே சட்டம் செய்தனர். தொகை சிறிதுதான். ஆனால் அதன் உட்பொருளைப் பாருங்கள். சலான் பெருகினால் கருவி வாழும். சலான் குறைந்தால் கருவி வாடும். மக்கள் திருந்துவது காவல்துறைக்கு நட்டமாகிவிடும்!

இதனினும் கொடிய வழி ஒன்றும் உண்டு. தனியார் நிறுவனம் தன் செலவிலேயே கருவியை அமைத்துக்கொடுத்து, சலானுக்கு இவ்வளவு எனப் பங்கு பெறுவது அது. கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் சிவப்பு விளக்கைக் கடந்தோரைப் படம் பிடிக்கும் கருவிகளை இவ்வாறே அமைத்தனர். 271 டாலர் தண்டத்தில் 70 டாலர் நிறுவனத்திற்குச் சென்றது. எண்ணிக்கை ஏற ஏற ஊதியம் ஏறும் ஒருவர் தரும் சான்றை நம்ப இயலாது என்று 2001இல் நீதிமன்றம் அப்படங்களைத் தள்ளிவிட்டது. தராசைப் பிடித்திருப்பவனுக்கே எடையில் பங்கு கொடுத்தால் நிறுவை நேராக இருக்குமா?

இது அயல்நாட்டுக் கதை என்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. 2019 செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில், தலைக்கவசம் அணியாமைக்கான தண்டம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. தொகை பெருகும்போது அதன்மேல் கண் வைப்போரும் பெருகுவர் அன்றோ?

தண்டத்தின் நோக்கம் பணமன்று, உயிர். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். இக்கொடுமை கண்டு பொறாது உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர் கோவையின் எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன் என்பது தமிழராகிய நாம் நினைக்கத்தக்கது. அவர் 2012இல் தொடுத்த வழக்கில், 2017 நவம்பரில் நீதிமன்றம் பல கட்டளைகளை இட்டது. சாலைப் பாதுகாப்பு நிதி ஒன்றை மாநிலங்கள் அமைக்கவேண்டும், தண்டப் பணம் அதில் சேரவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. உடைந்த நடைபாதை, விளக்கில்லாத் திருப்பம், கோடழிந்த கடவை ஆகியவற்றைச் சீர்செய்ய அப்பணம் செல்வதே முறை. காவலரின் கருவியோ, அவருடைய சீருடையையும் ஊதியத்தையும் போல, ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் வெளிப்படையாக ஒதுக்கப்பட வேண்டும். நிறுவனத்திற்குக் கருவியின் விலையையும் பராமரிப்புக் கூலியையும் கொடுக்கலாம். சலானில் பங்கு ஒரு காசும் கூடாது.

ஒரு நகரில் ஆண்டுக்காண்டு தண்ட வருவாய் குறையுமானால், அதுவே அந்நகரின் வெற்றி. அந்த நாளைக் கண்டு காவல்துறை மகிழவேண்டும். அடுத்த கருவி வாங்க வழியில்லையே என்று அஞ்சும் நிலை வரக்கூடாது.

நாம் என்ன செய்யலாம்? தில்லிக் காவல்துறை மைய அரசின் உள்துறைக்கு உட்பட்டது. அதன் செலவுக்கு ஒப்புதல் தருவது நாடாளுமன்றம். நம் ஊர்களிலிருந்து நாம் தேர்ந்தனுப்பிய உறுப்பினர்களும் அங்கே கையுயர்த்துகின்றனர். பிற நகரங்களுக்கு அந்தந்த மாநிலச் சட்டமன்றங்கள் உண்டு. “கருவிக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்? தண்டப் பணம் எந்தச் சாலைக்குச் சென்றது?” என்று அவர்களுக்குக் கடிதம் எழுதுவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி உரிய துறையிடமும் கேட்போம். கேட்குமுன் தலைக்கவசத்தை அணிந்துகொள்வோம். விதியை மதிப்பவனின் கேள்விக்கே வலிமை மிகுதி.