‘அடக்கிக்கொள்ளக் கூடாதா?’ என்று கேட்காதீர்கள்



நம் குடும்பங்களில் ஒரு கேள்வி மிக எளிதாகக் கேட்கப்படுகிறது. கணவர் பேச்சின் நடுவே தோளைக் குலுக்குகிறார். கழுத்தை வெட்டித் திருப்புகிறார். தொண்டையை ஓயாமல் செருமுகிறார். சில வீடுகளில் மனைவிக்கு இந்நிலை. உடனே அருகிலிருப்பவர் கேட்கிறார்: “நாலு பேர் முன்னால் கொஞ்சம் அடக்கிக்கொள்ளக் கூடாதா?” கேட்பவர் அதை அறிவுரை என்று எண்ணுகிறார். டூரெட் நோய்க்குறி உள்ளவருக்கோ அது அநீதி. தும்மல் வந்தவரிடம் தும்மாதே என்று ஆணையிடுவதற்கு ஒப்பானது அது. இக்கேள்வி நாள்தோறும் ஒலிக்கும் வீட்டில், நோயைவிட வீட்டாரே நோயாளிக்குப் பெரிய துன்பமாகிவிடுகின்றனர்.

இது என்ன நோய்?

1885-ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் ஜார்ஜ் ஜீல் டி லா டூரெட் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. மூளையின் அசைவுக் கட்டுப்பாட்டு மண்டலத்தில் ஏற்படும் மாறுபாடே இதன் வேர். பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் கண் சிமிட்டலாகவோ முகச் சுளிப்பாகவோ தொடங்குகிறது. பத்து, பன்னிரண்டு வயதில் உச்சம் அடைகிறது. பலருக்கு வாலிபத்தில் தணிகிறது. சிலருக்கு வாழ்நாள் முழுதும் தொடர்கிறது. பெண்களைக் காட்டிலும் ஆண்களுக்கு மூன்று, நான்கு மடங்கு மிகுதி.

திடீரென எழும் இவ்வசைவுகளையும் ஒலிகளையும் மருத்துவர்கள் ‘டிக்’ என்பர். டிக் வருமுன் உடலுக்குள் ஒரு நமைச்சல், ஓர் இறுக்கம் தோன்றும். அசைவை வெளியிட்டால் அந்த இறுக்கம் ஒரு கணம் தணியும். பின்னர் மீண்டும் சேரும். சிறிது நேரம் அடக்கி வைக்க நோயாளியால் இயலும். ஆனால் அவ்வாறு அடக்குவது மிகுந்த களைப்பைத் தரும். தீய சொற்கள் தம்மை மீறி வாயிலிருந்து வருவதும் இந்நோயில் உண்டு; எனினும் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே அது வருகிறது. திரைப்படங்கள் அந்த ஒருவரையே காட்டிச் சிரிக்க வைத்துவிட்டதால், எஞ்சியோரில் பலர் தமக்கு இருப்பது இந்நோய்தான் என்பதையே அறியாமல் வாழ்கின்றனர்.

“அலுவலகத்தில் வராதது வீட்டில் மட்டும் ஏன் வருகிறது?”

நோயாளியின் மீது சுமத்தப்படும் முதல் குற்றச்சாட்டு இது. பல மனைவியர் இதைச் சொல்லி அழுகின்றனர்; பல மாமியார்கள் இதையே சான்றாகக் காட்டி, மருமகள் நடிக்கிறாள் என்று தீர்ப்பளிக்கின்றனர். உண்மை நிலை என்ன? கடையிலோ அலுவலகத்திலோ எட்டு மணி நேரம் அடக்கி அடக்கி வைத்தவர், தம் வீட்டு வாசலைக் கடந்ததும் பிடியைத் தளர்த்துகிறார். அங்கே ஒளிக்க வேண்டியதில்லை என்று அவருடைய உடல் நம்புகிறது. அந்த நம்பிக்கைக்குப் பரிசாக நாம் தருவது சந்தேகமா?

கவனம் ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போது டிக் குறைவதும் இந்நோயின் இயல்பே. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மஹ்மூத் அப்துல் ரவூஃப் 1991-இல் இஸ்லாத்தை ஏற்றவர். சிறு வயது முதல் டூரெட் நோய்க்குறியுடன் வாழ்பவர். 1993-94 பருவத்தில் அவர் எறிந்த 229 தனி எறிதல்களில் 219 கூடைக்குள் விழுந்தன. அத்தகைய துல்லியம் உடையவர் முகத்தையும் கழுத்தையும் வேண்டுமென்றே வெட்டுகிறார் என்று எவரேனும் கூறுவாரா? உங்கள் கணவர் குர்ஆன் ஓதும்போது அமைதியாக இருப்பதும், எழுந்து வந்தபின் தோளைக் குலுக்குவதும் நடிப்பன்று.

தாயத்து ஏன் பலித்ததுபோல் தோன்றுகிறது?

நம்மில் பலர் முதலில் தேடிச் செல்வது மருத்துவரை அன்று, தாயத்துக் கட்டுபவரை. “காற்றுச் சேட்டை”, “ஜின் பிடித்திருக்கிறது” என்று அவர் கூறுகிறார். தகடு, தண்ணீர், நூல் என்று பணம் கரைகிறது. சில இடங்களில் அடியும் விழுகிறது. ஜின் என்ற படைப்பு உண்டு என்று குர்ஆன் கூறுவதை நாம் நம்புகிறோம். ஆனால் கழுத்து வெட்டும் ஒவ்வொருவரின் உடலிலும் ஜின் புகுந்துள்ளது என்பதற்கு இவர்களிடம் உள்ள ஆதாரம் யாது?

“கட்டிய பிறகு குறைந்ததே!” என்பர். குறைந்திருக்கும். டூரெட் டிக்குகள் கடலலைபோல் ஏறி இறங்குபவை. சில வாரங்கள் உச்சத்தில் நிற்கும், பின்னர் தாமாகவே தணியும். மக்கள் தாயத்துத் தேடி ஓடுவது உச்ச நாளில்தான். அதன்பின் இயல்பாக வரும் தணிவு தாயத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. மீண்டும் ஏறும்போது, “வேறு எவரோ செய்வினை வைத்துவிட்டார்” என்ற விளக்கம் ஆயத்தமாக இருக்கிறது. அந்தச் செய்வினைப் பழி பெரும்பாலும் புதிதாக வந்த மருமகளின் தலையில் விழுகிறது. ஒரு நரம்பு நோயை வைத்து ஒரு பெண்ணின் மானத்தைப் பறிக்கும் இச்செயலுக்கு மறுமையில் கணக்கு இல்லையா?

துஆச் செய்யுங்கள், ஓதுங்கள், அது நம் ஆயுதம். ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியுள்ளான் என்று அறிவித்த நபி (ஸல்) அவர்களே சிகிச்சை தேடும்படியும் நமக்குக் கூறியுள்ளார்கள். துஆவை மருத்துவத்தின் எதிரியாக்கியது மார்க்கம் அன்று, வணிகம்.

அந்தப் பெண்மணி கேட்டது என்ன?

ஸஹீஹுல் புகாரியில் வலிப்பு நோயுற்ற ஒரு பெண்மணியின் செய்தி உள்ளது. நபி (ஸல்) அவர்களிடம் வந்து, வலிப்பு வரும்போது தம் ஆடை விலகிவிடுவதாக முறையிட்டார். பொறுத்தால் சுவனம், விரும்பினால் நலத்துக்கு துஆ என்று இரண்டையும் நபியவர்கள் அவர்முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். ஆனால் ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ வேண்டினார். நபியவர்களும் துஆச் செய்தார்கள்.

சிந்தியுங்கள். நோயைத் தாங்க அவர் ஆயத்தமாக இருந்தார். பிறர் முன் மானம் குலைவதைத்தான் அவரால் தாங்க இயலவில்லை. நம் வீட்டு நோயாளியும் அதையே நம்மிடம் கேட்கிறார். நோயை அகற்றும் ஆற்றல் நம்மிடம் இல்லை. மானத்தைக் காக்கும் ஆற்றல் உண்டு. கணவன் மனைவியரை ஒருவருக்கொருவர் ஆடை என்று கூறும் குர்ஆனின் 2:187 வசனத்தை நிக்காஹ் மேடைகளில் கேட்டு மகிழ்கிறோமே, ஆடையின் வேலை மறைத்துக் காப்பதன்றோ?

தம்மை மீறி வாயில் வரும் சொல்லுக்கு அல்லாஹ்விடம் குற்றம் உண்டா? ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு செய்தியில், பாலைவனத்தில் தொலைத்த ஒட்டகத்தைக் கண்டடைந்தவர் பெருமகிழ்ச்சியில் அல்லாஹ்வை அடிமை என்றும் தம்மை இறைவன் என்றும் தவறுதலாகக் கூறிவிடுகிறார். அடியான் தவ்பாச் செய்யும்போது அல்லாஹ் அடையும் மகிழ்ச்சிக்கு உவமையாக அம்மனிதரை நபியவர்கள் குறிப்பிட்டார்கள். அவர் வாய் தவறியதைக் கண்டிக்கவில்லை. அவ்வளவு பெரிய சொல்லே பொறுக்கப்படும்போது, நோயால் வரும் ஒரு சொல்லுக்காக மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது எந்த நீதி?

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. தொழுகை வரிசையில் ஒருவர் தொண்டை ஒலி எழுப்பினால் திரும்பி முறைக்கிறோம். ஸலாம் கொடுத்ததும் கண்டிக்கிறோம். அவர் மறுவாரம் ஜும்ஆவுக்கு வருவதில்லை. தம்மை மீறி வரும் இருமலுக்கும் தும்மலுக்கும் ஃபிக்ஹு நூல்கள் சலுகை தந்துள்ளன. இந்நோயாளிகளின் தொழுகைச் சட்டத்தை ஆலிம்கள் ஒரு ஜும்ஆ பயானில் விளக்கிச் சொல்லட்டும். ஒரே ஒரு பயான் பல இளைஞர்களைப் பள்ளிவாசலுக்குத் திருப்பிக் கொண்டுவரும், இன்ஷா அல்லாஹ்.

துணைவர் செய்ய வேண்டியவை

முதற்கடமை, டிக்கைப் பார்க்காதிருப்பது. அதைச் சுட்டிக்காட்டுவதும், அதைப் பற்றியே பேசுவதும், “இன்று அதிகமாக இருக்கிறதே” என்று எண்ணிக்கை சொல்வதும் டிக்கை மேலும் தூண்டும். பேச்சு நடுவே கழுத்து வெட்டினால், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருங்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துப் போலி செய்தால் அடிக்காதீர்கள். “வாப்பாவின் உடல் தானாக அசைகிறது, வாப்பா நலமாகவே இருக்கிறார்” என்று ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது, களைப்பையும் பதற்றத்தையும் குறைப்பது. உறக்கக் குறைவும் சச்சரவும் டிக்கைக் கூட்டுகின்றன. வேலையிலிருந்து வந்தவருக்கு அரை மணி நேரம் தனி அறை கொடுங்கள். வீட்டுக் கணக்கு வழக்குகளை அதன்பின் பேசலாம். திருமண வீட்டுக் கூட்டத்தில் வாசலுக்கு அருகே இடம் பிடித்துக் கொடுங்கள். ரமழானில் ஸஹரும் தராவீஹும் உறக்கத்தைக் குறைக்கும். எனவே பகல் உறக்கத்தையும் மருந்து நேரங்களையும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி வகுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உரிய சிகிச்சைக்கு உடன் செல்வது. நரம்பியல் மருத்துவரும் மனநல மருத்துவரும் இந்நோயைப் பார்ப்பர்; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இத்துறைகள் உண்டு. டிக் வருமுன் தோன்றும் நமைச்சலை உணரவும், அவ்வேளையில் அதற்கு மாறான ஓர் அசைவைச் செய்யவும் கற்பிக்கும் நடத்தைப் பயிற்சி ஒன்று உள்ளது. கழுத்து வெட்டுபவர் மோவாயைச் சற்றுத் தாழ்த்திக் கழுத்துத் தசைகளை மெல்ல இறுக்கி நிற்பார். தொண்டை ஒலி எழுப்புபவர் வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விடுவார். நமைச்சல் தணியும் வரை, ஏறத்தாழ ஒரு நிமிடம், அந்நிலையில் இருப்பார். 2012-இல் அமெரிக்காவில் 122 பேரிடம் வெளியான ஆய்வில், பத்து வாரங்களில் எட்டு அமர்வுகளாக இப்பயிற்சி பெற்றவர்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் தெளிவான முன்னேற்றம் கண்டனர். விளக்கமும் ஆறுதலும் மட்டும் பெற்றவர்களில் அது 6 விழுக்காடே. எல்லோருக்கும் பலிக்கும் மந்திரம் என்று இதைக் கூற இயலாது. ஆயினும் எந்தத் தாயத்துக்கும் இத்தகைய கணக்கு கிடையாது.

இப்பயிற்சியில் துணைவரின் பங்கு சிறியது, ஆனால் நுட்பமானது. அவர் கேட்டால் மட்டும் நினைவூட்டுங்கள், முயன்றால் பாராட்டுங்கள். காவலர் ஆகிவிடாதீர்கள். “பயிற்சி செய்தீர்களா?” என்று அதட்டும் குரல், “அடக்கிக்கொள்” என்ற பழைய குரலின் மறுவேடமே.

குளோனிடின், ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் முதலிய மருந்துகள் டிக்கைக் குறைக்கும். உறக்கக் கலக்கம், எடை கூடுதல் போன்ற பக்க விளைவுகளும் உண்டு. அவற்றைச் சோம்பல் என்று ஏசாதீர்கள். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவதும் கூடாது. குளோனிடினைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் எகிறும். கழுத்தைக் கடுமையாக வெட்டுபவருக்குக் கை கால் மரத்துப்போனாலோ வலுக் குன்றினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எதிர்வாதங்கள்

“மணத்துக்கு முன் மறைத்துவிட்டார்களே, அது மோசடி அல்லவா?” என்று கேட்கின்றனர். மறைத்தது தவறு. பெண் பார்க்கும் நாளிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொல்லியிருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? “நரம்புத் தளர்ச்சி வீடு” என்று ஊர் முழுதும் பரப்பி, அவருடைய தங்கைகளின் சம்பந்தங்களையும் கெடுத்திருப்போம். உண்மை பேசுபவரைத் தண்டிக்கும் சமூகம், பொய்யைப் பற்றி மட்டும் புலம்புவது முறையாகாது. மறைப்பு ஒழிய வேண்டுமாயின், சொல்பவருக்கு அச்சம் இல்லாத நிலை வர வேண்டும்.

“எல்லாவற்றையும் பொறுத்துக்கொள் என்று மனைவிக்கே உபதேசமா?” என்பது இரண்டாவது கேள்வி, நியாயமான கேள்வி. டிக்கைப் பொறுக்க வேண்டும். கொடுமையைப் பொறுக்க வேண்டியதில்லை. திடீரென எழும் ஒலி வேறு, குறிபார்த்துச் சொல்லும் ஏச்சு வேறு. தம்மை மீறி வீசும் கை வேறு, கோபத்தில் ஓங்கும் கை வேறு. இந்நோயைக் கேடயமாக்கி மனைவியை அடிப்பவருக்கு மார்க்கத்தில் இடமில்லை. நோயாளியும் தம் பொறுப்பை ஏற்க வேண்டும்: சிகிச்சைக்குச் செல்ல வேண்டும், துணைவரின் களைப்பையும் கேட்க வேண்டும். இரவெல்லாம் ஒலி கேட்டு உறங்காத மனைவி ஓரிரு நாள் வேறு அறையில் உறங்குவது வெறுப்பின் அடையாளமன்று. அவரைக் கணவரின் உம்மாவும் சகோதரியரும் குறை கூறாதிருக்கட்டும்.

அர்ரூம் அத்தியாயத்தின் 21-ஆம் வசனம் இல்லறத்தின் நோக்கமாக அமைதியையும், அதன் அடித்தளமாக அன்பையும் இரக்கத்தையும் சுட்டுகிறது. அசையாத உடலை அது நிபந்தனையாக்கவில்லை. ஆகவே இன்று உங்கள் வீட்டில் அக்கேள்வி எழுமாயின், கேட்பவர் எவ்வளவு மூத்தவராயினும் மரியாதையுடன் இடைமறியுங்கள்: “மாமி, அது அவர் கையில் இல்லை. நீங்கள் சொல்லச் சொல்லக் கூடத்தான் செய்யும்.” கூட்டத்தின் நடுவே துணைவருக்காகச் சொல்லப்படும் அந்த ஒரு வாக்கியம், அவர் நாள் முழுதும் சுமந்த இறுக்கத்தில் பாதியை இறக்கி வைக்கும்.

நோயுற்றோருக்கு அல்லாஹ் நலமளிப்பானாக. அவர்களுடன் வாழ்வோருக்குப் பொறுமையையும் விளக்கத்தையும் தருவானாக. ஆமீன்.